முதலாண்டு பொறியியல் மாணவர்களுக்கான இன்டக்‌ஷன் வகுப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பி.இ., பி.டெக். சேரும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் வருடா வருடம் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். கிரெடிட் (ஒரு பாடத்துக்குரிய மதிப்பளவு), வருகைப்பதிவு பற்றிய எண்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையை (ரெகுலேஷன்) சேர்ந்தவை. தன்னாட்சிக் கல்லூரியில் இருப்பவர்களும் அதற்குப் பிந்தைய ஒழுங்குமுறையில் சேர்ந்தவர்களும் தங்கள் பாடத்திட்டப் புத்தகத்தில் முதல் செமஸ்டர் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. காலேஜ் தொறந்து ஒரு வாரம் ஆச்சு. பாடமே நடத்தலை. விளையாட்டு, பாட்டு, பேச்சுன்னு போகுது. இது என்ன?

இதுதான் மாணவர் அறிமுகப் பயிற்சி. கல்லூரியில் எல்லோரும் 'இன்டக்‌ஷன்' என்பார்கள். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) 2018 ஜனவரியில் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் இதைப் பொறியியல் படிப்பின் கட்டாயப் பகுதியாக வைத்தது. அதற்கு முன்பே காந்திநகர் ஐ.ஐ.டி. 2011 இல், முதல் ஐந்து வாரம் வழக்கமான வகுப்பு எதுவும் இல்லாமல் இப்படியொரு பயிற்சியை நடத்திக் காட்டியது. உயர்கல்வி நிறுவனங்களுக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2019 இல் 'தீக்‌ஷாரம்ப்' என்ற பெயரில் தனி வழிகாட்டி வெளியிட்டது.

பிளஸ் டூ முழுக்க மதிப்பெண்ணுக்காக ஓடிய பிள்ளை, புது ஊரில் புது மொழியில் உட்கார்ந்த மறுநாளே மேட்ரிக்ஸ் நடத்தினால் மனதில் ஏறாது. முதலில் இடம் பழக வேண்டும், ஆட்கள் பழக வேண்டும். விளையாட்டும் யோகாவும், ஏதாவதொரு கலை, மனித விழுமிய வகுப்பு, வாசிப்பும் எழுத்தும், ஆங்கிலம் கணினி போன்றவற்றில் உள்ள குறைகளைச் சரிசெய்யும் வகுப்பு, சிறப்பு விருந்தினர் உரை, ஊருக்குள் ஓரிரு இடங்களைப் பார்த்து வருவது, துறை அறிமுகம் ஆகியவை இதன் பகுதிகள்.

2. என் ஃப்ரெண்ட் காலேஜ்ல மூணு நாள்ல முடிஞ்சிடுச்சு. எங்களுக்கு ரெண்டு வாரமாம். எது சரி?

ஏ.ஐ.சி.டி.இ. சொன்னது மூன்று வாரம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் ஐ.பி.3151 என்ற குறியீட்டில் இரண்டு வாரம் என்று இருக்கிறது. இது முடிந்த பிறகே வழக்கமான வகுப்புகள் தொடங்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. மூன்று நாளில் முடிக்கும் கல்லூரிகளில் பெரும்பாலும் விடுபடுவது, மென்டர் எனப்படும் வழிகாட்டி ஆசிரியரோடு நடக்கும் குழு உரையாடலும் மொழி வகுப்பும்தான். அவை இரண்டும்தான் மற்ற எல்லாவற்றையும்விட அவசியம் என்பது எங்கள் கருத்து. ஏன் என்பதை 6, 7 ஆம் பதில்களில் சொல்கிறோம்.

3. இதுக்கு மார்க் உண்டா? வராம இருந்தா ஃபெயில் பண்ணிடுவாங்களா?

மார்க் இல்லை, தேர்வு இல்லை, கிரெடிட் பூஜ்ஜியம். சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்குமான சராசரித் தரப்புள்ளி) கணக்கில் இது வராது. ஆனால் கட்டாயம். வருகைப்பதிவு எடுப்பார்கள், காரணம் சொல்லாமல் நின்றுவிட்டால் வீட்டுக்குப் போன் வரும். உடம்பு சரியில்லையென்றால் அன்றே மென்டருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், திரும்பி வரும்போது மருத்துவச் சீட்டைக் கொடுங்கள்.

செமஸ்டர் பாடங்களுக்கான 75 சதவீத வருகை விதி வேறு. மருத்துவக் காரணம் போன்றவற்றுக்குச் சான்றோடு 65 வரை தளர்வு கேட்கலாம் என்பதும் அந்த விதியில்தான் வருகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

4. துணைக் கலந்தாய்வுல சீட் கிடைச்சது. நான் வந்தப்போ இன்டக்‌ஷனே முடிஞ்சிருச்சு. இப்ப என்ன பண்றது?

பயிற்சியைத் தவறவிட்டதால் வரும் நஷ்டம் பெரும்பாலும் நடைமுறை சார்ந்தது. சேர்ந்த முதல் இரண்டு நாளுக்குள் இவற்றை முடியுங்கள்: எந்த மென்டர் குழுவில் பெயர் இருக்கிறது என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஆய்வகத்தில் எந்த பேட்ச் என்று தெரிந்துகொள்ளுங்கள். நூலக அட்டை, அடையாள அட்டை, ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி மூன்றையும் முடித்துவிடுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள். அறிவிப்பு முழுக்க அங்கேதான் வரும். சேராத பிள்ளைக்குத் தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசித் தேதிகூடத் தெரியாமல் போகும்.

அதன் பிறகு மென்டரிடம் நேரில் போய், "நான் தாமதமாகச் சேர்ந்தவன், இருபது நிமிடம் வேண்டும்" என்று கேளுங்கள். கேட்டால் ஒதுக்குவார்கள். தாமதமாக வந்த நான்கைந்து பேர் சேர்ந்து போனால் இன்னும் எளிது.

5. முதல் நாள் என்ன எடுத்துட்டு வரணும்? அப்பா அம்மா வரணுமா?

முதல் நாள் பெற்றோர் வருவது நல்லது. பேருந்துத் தடம், விடுதி விதிகள், கட்டணத் தவணை பற்றியெல்லாம் அன்றுதான் பேசுவார்கள். மென்டரின் எண்ணைப் பெற்றோரும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் முதல் பிள்ளையைத் தனியாக விடுங்கள்.

ஒதுக்கீட்டு ஆணை, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல் எடுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படம் குறைந்தது பத்து வேண்டும். அசலை ஒப்படைக்குமுன் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். ஒப்படைத்ததற்குக் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். உதவித்தொகை விண்ணப்பத்தின்போது அசல் அலுவலகத்தில் இருக்கிறது, நகல் வீட்டில் இருக்கிறது என்று அலைபவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

உதவித்தொகை பற்றிய அமர்வை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்திருந்தால் மாதம் 1,000 ரூபாய் உண்டு: பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படாததால்தான் பணம் பல பேருக்கு நிற்கிறது. அதை முதல் வாரத்திலேயே வங்கியில் சரிபார்த்துவிடுங்கள்.

6. மென்டர்னு ஒரு மேடம் பேர் போட்டிருக்காங்க. அவங்ககிட்ட போய் என்னன்னு பேசுறது?

ஏ.ஐ.சி.டி.இ. வழிகாட்டியின்படி இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் மென்டர். இந்தப் பயிற்சி முடிந்தாலும் அந்த உறவு படிப்பு முடியும்வரை தொடர வேண்டும் என்பதுதான் நோக்கம். விடுப்புக் கடிதம், ஆன்-டூட்டி (கல்லூரி வேலையாக வகுப்புக்கு வராமலிருக்க அனுமதி), கட்டணத்துக்கு அவகாசம், விடுதி அறை மாற்றம் என்று பிறகு எது வேண்டுமானாலும் முதல் கையெழுத்து பெரும்பாலும் அவருடையதாக இருக்கும். கஷ்டம் வந்த பிறகு முதல் தடவையாகப் போய் நின்றால், உங்களை விளக்கவே அரை மணி நேரம் ஆகும்.

முதல் சந்திப்பில் மூன்று விஷயம் சொன்னால் போதும். எங்கிருந்து வருகிறீர்கள், பயணம் எவ்வளவு நேரம். வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், கட்டணத்தில் சிக்கல் வருமா. எந்தப் பாடத்தைக் கண்டால் பயம். உடல்நலத்தில் ஏதாவது இருந்தால், உதாரணமாக வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை, அதையும் தயங்காமல் சொல்லுங்கள். ஆய்வகத்தில் மயங்கி விழுந்த பிறகு தெரிவதைவிட முன்பே தெரிந்திருப்பது பாதுகாப்பு. எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

7. நான் தமிழ் மீடியம். எல்லாரும் இங்கிலீஷ்ல செல்ஃப் இன்ட்ரோ கொடுக்கிறாங்க. என் முறை வர்றதுக்கு முன்னாடியே வயித்தைக் கலக்குது.

எங்களிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். முழுக்க ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று விதி கிடையாது. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் ஆங்கிலத்தில், நடுவில் தமிழில் சொல்லுங்கள். ஐந்து வாக்கியம் போதும்: பெயரும் ஊரும், படித்த பள்ளி, உங்களுக்கு நன்றாகச் செய்ய வரும் ஒரு வேலை, இந்தப் பிரிவை எடுத்த காரணம், இங்கே கற்றுக்கொள்ள நினைக்கும் ஒன்று. நாற்பது விநாடி வரும். அதற்கு முந்தைய நாள் இரவு வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பாருங்கள். சீனியர் கொடுத்த ஆங்கிலப் பத்தியை மனப்பாடம் செய்து போகிறவர்கள்தான் நடுவில் நின்றுபோகிறார்கள், ஏனென்றால் அது அவர்களுடைய பேச்சு இல்லை. மூன்றாவது வாக்கியம்தான் கேட்பவர் மனதில் நிற்கும். "டிராக்டர் ஓட்டுவேன்", "அம்மாவோடு பூக்கட்டி விற்பேன்" என்பதை யாரும் மறக்க மாட்டார்கள்.

பேச்சைவிடப் பெரிய சிக்கல் பாடத்தில் வரும் சொற்கள். கணக்கும் இயற்பியலும் உங்களுக்குத் தெரியும், பெயர்தான் மாறியிருக்கிறது. அணி என்று படித்ததை மேட்ரிக்ஸ் என்பார்கள். அணிக்கோவை டிடர்மினன்ட், வகையிடல் டிஃபரன்சியேஷன், தொகையிடல் இன்டக்ரேஷன், முடுக்கம் ஆக்சிலரேஷன், உந்தம் மொமென்டம், மின்தடை ரெசிஸ்டன்ஸ், மின்தேக்கி கெப்பாசிட்டர். பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்களின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்து, ஒரு நாளைக்குப் பதினைந்து சொல் வீதம் நோட்டில் எழுதுங்கள். இன்டக்‌ஷன் நடக்கும் பத்து வேலை நாளில் நூற்றைம்பது சொல் சேர்ந்துவிடும். இரண்டு பதிப்பும் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத் தளத்தில் இலவசம். முதல் செமஸ்டரில் மேட்ரிக்ஸ் அண்ட் கால்குலஸ் தாளை அணியிலிருந்துதான் தொடங்குவார்கள், அதனால் அணி, வகையிடல் சொற்களை முதலில் எடுங்கள்.

மொழி, கணினி வகுப்புகளுக்குப் பெயர் கேட்கும்போது வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாதீர்கள். தட்டச்சு தெரியாது, மவுஸ் பிடித்துப் பழக்கமில்லை என்றால் இப்போதே சொல்லுங்கள். அடுத்த வாரம் பைத்தான் (கணினி நிரல் மொழி) ஆய்வகத்தில் ஒரு கணினியை இன்னொருவரோடு பகிர வேண்டிவந்தால் விசைப்பலகை உங்கள் கைக்கு வரவே வராது.

8. ஹியூமன் வேல்யூஸ்னு தினமும் ஒரு வகுப்பு. அறிவுரைதானே? அதை ஏன் இத்தனை நாள் கேட்கணும்?

சரியாக நடந்தால் அது அறிவுரை வகுப்பே இல்லை. ஆசிரியர் கேள்வி கேட்பார், பதிலை நீங்கள் உங்களுக்குள்ளே பார்க்க வேண்டும். உதாரணமாக, உங்களுக்கு வேண்டியவற்றை எல்லாம் பட்டியல் போடச் சொல்வார்கள். அதில் எதைப் பொருளால் நிறைவேற்ற முடியும், எதற்கு மனிதர்கள் வேண்டும் என்று பிரிக்கச் சொல்வார்கள். பட்டியலில் பாதிக்கு மேல் மதிப்பு, நம்பிக்கை, உறவு சார்ந்ததாக இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் அமைதியாகிவிடுவது வழக்கம். தான், குடும்பம், சமூகம், இயற்கை என்று படிப்படியாகப் போகும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், முந்நூறு பேரை ஓர் அரங்கில் அடைத்து ஸ்லைடை வாசிக்கும்போது. அங்கே யாரும் தன் பட்டியலைச் சொல்லப்போவதில்லை. அப்படி நடந்தால், உங்கள் மென்டர் குழுவில் மாலை அரை மணி அதே கேள்வியைப் பேசலாமா என்று கேளுங்கள்.

9. ஆடிட்டோரியத்துல மூணு மணி நேரம் உட்கார வைக்கிறாங்க. தூக்கமா வருது. என்ன செய்யலாம்?

தூக்கம் வருவது உங்கள் தவறு மட்டும் இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்குமேல் இடைவேளை இல்லாமல் யாராலும் கேட்க முடியாது. முன்வரிசையில் உட்காருங்கள். மதியம் சோற்றைக் குறைவாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் பாட்டில் வைத்திருங்கள். ஒவ்வொரு உரைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பேசியவரின் வேலை என்ன, அதற்கு அவர் என்ன படித்தார், உங்களுக்குப் புரியாத ஒரு சொல் என்று மூன்று வரி எழுதுங்கள்.

கடைசி நாள் கருத்துப்படிவம் கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' போட்டுவிட்டு வராதீர்கள். "உரைக்கு நடுவே இடைவேளை வேண்டும்", "மொழி வகுப்பு இரண்டு நாள் கூட வேண்டும்" என்று குறிப்பாக எழுதுங்கள். அடுத்த வருட அட்டவணை போடுகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

10. கலைப் பிரிவு ஒண்ணு எடுக்கணுமாம். எனக்கு எதுவுமே வராது.

வராதவர்களுக்காகத்தான் அது. ஒன்றைத் தேர்ந்து பயிற்சி முடியும்வரை தினமும் அதையே செய்யுங்கள். நாளுக்கொன்றாக மாறினால் எதுவும் கைக்கு வராது. களிமண், ஓவியம், பறை, எதுவானாலும் சரி.

11. தமிழர் மரபு, நான் முதல்வன், என்.எஸ்.எஸ். எல்லாமே இதுல சேர்த்தியா?

இல்லை. தமிழர் மரபு முதல் செமஸ்டரிலும், தமிழரும் தொழில்நுட்பமும் இரண்டாம் செமஸ்டரிலும் வரும் பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரெடிட், தேர்வு உண்டு, சி.ஜி.பி.ஏ.வில் சேரும். "தமிழ்தானே" என்று புத்தகத்தைத் தொடாமல் போய் அரியர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் முதல்வன், தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய திறன் பயிற்சித் திட்டம். மாணவர் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

என்.சி.சி. (தேசிய மாணவர் படை), என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), என்.எஸ்.ஓ. (தேசிய விளையாட்டு அமைப்பு), ஒய்.ஆர்.சி. (இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம்) நான்கில் ஒன்றில் சேருவது தனிக் கடமை. சுமார் 80 மணி நேரப் பயிற்சியும், ஏழு நாள் அளவுக்கு ஒரு முகாமும் அதில் அடங்கும். பயிற்சி பெரும்பாலும் வார இறுதியில், முகாம் விடுமுறையில். முதலாண்டிலேயே முடிக்கப் பாருங்கள். ராணுவம், காவல்துறை எண்ணம் இருந்தால் என்.சி.சி.; உடற்தகுதி பார்த்துத்தான் எடுப்பார்கள், இடமும் குறைவு, எனவே அறிவிப்பு வந்த அன்றே பெயர் கொடுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் பேருந்தில் வருபவர்கள், காலை அணிவகுப்புக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

12. ட்ரெய்னர் ஒருத்தர் வந்து நல்லா பேசினார். கடைசியில ரெண்டாயிரம் ரூபாய் கோர்ஸ், இன்னைக்கே கட்டினா தள்ளுபடின்னார். கட்டலாமா?

அன்றே கட்டாதீர்கள். இன்டக்‌ஷனில் மாணவர் தனியாகப் பணம் கட்டியே ஆக வேண்டிய அமர்வு எதுவும் கிடையாது. பணம் யார் கணக்குக்குப் போகிறது, கல்லூரி ரசீது உண்டா, பாடத்திட்டத்தில் இந்தப் பாடம் இருக்கிறதா என்று மென்டரிடம் கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் விட்டுவிடலாம். "சேரவில்லை என்றால் பிளேஸ்மென்ட்டில் பெயர் வராது" என்று யாராவது சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள்.

படிக்க ஆசையிருந்தால் இலவச வழி நிறைய. ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம், சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் காணொளிகள் பல தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. கணினி புதிதாகத் தொடுபவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது அதைத்தான்.

13. சீனியர்ஸ் கேன்டீன்ல நிறுத்தி 'இன்ட்ரோ கொடு'ன்றாங்க. இன்டக்‌ஷன்ல கொடுத்த மாதிரிதானேன்னு கேட்டா சிரிக்கிறாங்க. இது ராகிங்கா?

உங்களுக்கு விருப்பமில்லாமல், பயமுறுத்தியோ அவமானப்படுத்தியோ செய்ய வைத்தால் ராகிங்தான். பெயர் 'இன்ட்ரோ' என்று இருந்தாலும் அப்படித்தான். அறிமுகப் பயிற்சியில் துறை நியமிக்கும் சீனியர் வழிகாட்டிகள் வேறு. அவர்களின் பெயர்ப் பட்டியல் மென்டரிடம் இருக்கும், அவர்கள் உங்களைத் தனியாக அறைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் 1997 ஆம் ஆண்டின் ராகிங் தடைச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. யு.ஜி.சி.யின் இலவச எண் 1800-180-5522, எந்நேரமும் அழைக்கலாம். தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள் என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள். மென்டரிடமோ ராகிங் தடுப்புக் குழுவிடமோ வாய்மொழியாகச் சொன்ன பிறகு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பெற்றோரிடம் மறைக்காதீர்கள்.

14. டிபார்ட்மென்ட் அறிமுகம் பார்த்ததுமே இந்த பிராஞ்ச் எனக்கு வராதுன்னு தெரிஞ்சுபோச்சு. மாத்த முடியுமா?

முதல் வாரத்து மனநிலையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முதல் செமஸ்டர் தாள்கள் பெரும்பாலும் எல்லாப் பிரிவுக்கும் பொதுவானவை. உங்கள் துறைப் பாடத்தை நீங்கள் இன்னும் தொடவே இல்லை. இடம் காலியாக இருந்தால் சில கல்லூரிகளில் மாற்றம் உண்டு. அதற்கான நடைமுறையையும் கடைசித் தேதியையும் முதல்வர் அலுவலகத்தில் கேளுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை அல்லது அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்கள், மாற்றினால் சலுகை தொடருமா என்று எழுத்தில் வாங்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2021 ஒழுங்குமுறையில் நல்ல சி.ஜி.பி.ஏ. இருந்தால், கூடுதலாக 18 கிரெடிட் படித்து வேறொரு துறையில் மைனர் பட்டம் சேர்த்து வாங்கலாம். மெக்கானிக்கல் எடுத்துவிட்டு மென்பொருளில் ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இது கைகொடுக்கிறது.

15. இன்டக்‌ஷன்ல இருந்த மென்டர் அடுத்த செமஸ்டர்லயே வேலையை விட்டுட்டுப் போயிட்டார். இப்ப யார்கிட்ட போறது?

தனியார் கல்லூரிகளில் இது அடிக்கடி நடக்கிறது. குழுவை உடைத்து ஐந்து பேரை இங்கே, ஐந்து பேரை அங்கே என்று பிரித்துவிடுவார்கள். அப்படி ஆகுமுன் குழுவாகவே துறைத் தலைவரிடம் போங்கள். இருபது பேரையும் ஒரே ஆசிரியரிடம் மாற்றித் தரும்படி கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் கொடுங்கள். யாரிடம் வேண்டும் என்று பெயரும் எழுதலாம்.

பழைய மென்டர் வைத்திருந்த பதிவேடு, அதாவது 6 ஆம் பதிலில் சொன்ன விவரங்கள் இருக்கும் நோட்டு, புதியவர் கைக்கு வந்ததா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். வரவில்லை என்றால் உடல்நலம், கட்டணம் பற்றியவற்றை முதல் சந்திப்பிலேயே மறுபடி சொல்லிவிடுங்கள்.